காமிரா வாங்க வந்தவருக்குச் சொன்னது

சென்ற கந்தூரி முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மினாராக்களில் கட்டியிருந்த விளக்குச் சரங்களை அவிழ்த்துக் கொண்டிருந்தார்கள். அன்று மாலை என் வீட்டுத் திண்ணையில் ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். ஒரு காலத்தில் என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். இப்போது சிங்கப்பூரில் உத்தியோகம். தகப்பனார் காலமான செய்தி கேட்டு ஓடி வந்தவர், நாற்பதாம் நாள் பாத்திஹாவை முடித்துக்கொண்டு திரும்பிச் செல்லும் தறுவாயில் இருந்தார்.

"சார், 2018 கந்தூரியிலே எங்க வாப்பாவை நீங்க ஒரு படம் எடுத்தீங்களாம். தகட்டுக் கடையிலே உட்கார்ந்திருந்தபோது. அந்தப் படம் இருக்குதா, சார்?" என்றார்.

எனக்கு அந்தப் படம் நன்றாக நினைவிருந்தது. நாகூருக்கு வந்தவர்களுக்குத் தகடு என்றால் என்னவென்று தெரியும். நோய் தீர்ந்தவர்களும் தீர வேண்டியவர்களும் கண், கை, கால், வீடு, படகு என்று மெல்லிய தகட்டில் வெட்டிய உருவங்களை வாங்கித் தர்காவில் காணிக்கையாகச் செலுத்துவார்கள். இவருடைய தகப்பனார் அப்படிப்பட்ட தகடுகளை விற்று வந்தவர். அன்றிரவு கடையில் தொங்கிய ஒற்றை விளக்கின் ஒளி நூற்றுக்கணக்கான தகடுகளில் பட்டுத் தெறித்து, அவருடைய வெண்தாடியின் மேல் மீன் செதில்களைப் போல் விழுந்து கொண்டிருந்தது. என் ஆயுளில் நான் எடுத்த படங்களில் அதுவே சிறந்தது என்று நினைத்திருந்தேன். பெரியவரும் காமிராவின் பின்புறத்துத் திரையில் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கொரு காப்பி கொடுங்க, சார்" என்று கேட்டிருந்தார். "கட்டாயம்" என்று சொன்னேன்.

கட்டாயம் என்ற அந்தச் சொல் ஒன்பது மாதம் அப்படியே கிடந்தது. அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் எங்கள் கரையில் அடித்தது. ஜன்னல் கதவு பெயர்ந்து, மழைத் தண்ணீர் என் கம்ப்யூட்டரின் தலையில் விடிய விடியக் கொட்டிற்று. அதற்குள் இருந்த படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. குற்றம் புயலினுடையதும் அல்ல, யந்திரத்தினுடையதும் அல்ல. முழுக்க முழுக்க என்னுடையதே.

"இல்லை, தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வாப்பாவுக்கு பாஸ்போர்ட்டிலே ஒட்டின படம் ஒண்ணுதான் இருக்கு, சார். அதிலே அவர் வேறே யாரோ மாதிரி இருக்கிறார். உம்மாவையாவது ஒழுங்காக ஒரு படம் எடுத்து வைக்கணும். இன்னும் பதினைந்து நாள் லீவு இருக்கு. நல்ல காமிராவாக ஒன்று வாங்கலாமென்று பார்க்கிறேன். எதை வாங்கலாம்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் பலர். வழக்கமாக இரண்டு மூன்று கம்பெனிகளின் பெயர்களைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அன்று அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நான் சொன்னதை, வாசகர்களில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்க எண்ணியிருக்கும் மற்றவர்களுக்கும் பிரயோஜனப்படலாம் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் காமிரா, பரோடாவில் தயாரான 'ஆக்பா கிளிக் 3' என்னும் கறுப்புப் பெட்டி. அதற்குள் போடும் பிலிம், உதகமண்டலத்து அரசாங்கத் தொழிற்சாலையில் தயாரான 'இந்து' பிலிம். காமிராவும் சுதேசி, பிலிமும் சுதேசி என்பதில் எனக்கு மிகுந்த பெருமை. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். பன்னிரண்டையும் எடுத்து முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆகும். ஒவ்வொன்றையும் எடுக்குமுன் கால் மணி நேரம் யோசிப்பேன். பிறகு டிஜிட்டல் காலம் வந்தது. பன்னிரண்டு படத்துக்கு யோசித்த மனிதன் ஒரே கந்தூரியில் இரண்டாயிரம் படம் எடுத்தேன். யோசனை மாத்திரம் பன்னிரண்டு படத்துக்கு உரியதாகவே இருந்தது!

நிற்க. காமிரா வாங்குவோர் முதலில் கேட்பது, "எத்தனை மெகாபிக்ஸல்?" என்பது. கணக்கு வாத்தியார் ஆகையால் கணக்காகவே சொல்கிறேன். சுவரில் மாட்டும்படியாக 12 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள படம் ஒன்றை அச்சிட வேண்டுமானால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600-ஐ 2400-ஆல் பெருக்க வேண்டும். விடை 86 லட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள்; அதாவது ஏறக்குறைய ஒன்பது மெகாபிக்ஸல். இக்காலத்துக் காமிராக்களில் 24 மெகாபிக்ஸல் என்பது சர்வசாதாரணம். ஆகவே அந்தக் கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்காமலே இருந்துவிடலாம்.

அப்படியானால் எதைக் கேட்பது? இதற்கு விடை கூற நான் மகாத்மா காந்தியைத் துணைக்கு அழைக்கப் போகிறேன். "காந்திக்கும் காமிராவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று இளைஞர் திகைத்தார். சம்பந்தம் நிரம்ப உண்டு. மகாத்மாவுக்குப் பேரன் முறையான கனு காந்தி, சேவாகிராம ஆசிரமத்தில் இருந்தவர். அவருக்குப் படம் எடுக்கும் ஆசை உண்டாயிற்று. கன்சியாம்தாஸ் பிர்லா கொடுத்த 100 ரூபாயில் ஒரு 'ரோலிபிளெக்ஸ்' காமிராவும் பிலிமும் வாங்கினார். தம்மைப் படம் எடுக்க மகாத்மா சம்மதித்தார். ஆனால் மூன்று நிபந்தனைகள் விதித்தார். பிளாஷ் விளக்குப் போடக் கூடாது. 'இப்படி உட்காருங்கள், அப்படித் திரும்புங்கள்' என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. ஆசிரமத்துப் பணத்தில் ஒரு காசும் இதற்குச் செலவாகாது. இந்த மூன்றுக்கும் கட்டுப்பட்டு 1938 முதல் 1948 வரை கனு காந்தி எடுத்த படங்களில்தான் மகாத்மாவை அவருடைய அன்றாட வாழ்க்கையில் நாம் காண்கிறோம். காமிரா வாங்குகிறவர் இந்த மூன்று நிபந்தனைகளையும் தமக்குத் தாமே விதித்துக் கொண்டால் போதும். எந்தக் காமிரா என்ற கேள்விக்கு விடை தானே வந்துவிடும்.

முதல் நிபந்தனை, பிளாஷ் கூடாது என்பது.

சந்தனக்கூடு, இரவில் நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டு விடியுமுன் நாகூரை வந்தடையும். அந்த ஐந்தாறு கிலோமீட்டர் தூரமும் விளக்கும் இருட்டும் கலந்து கிடக்கும் காட்சியே காட்சி. அதன் நடுவில் பளிச்சென்று பிளாஷைப் போட்டால், எதிரே நிற்பவர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகவும், பின்னாலுள்ள உலகமெல்லாம் தார் பூசியதாகவும் ஆகிவிடும். பக்தியில் கண்மூடி நிற்பவரின் கண்ணைக் கூசச் செய்யும் பாவம் வேறு. ஆகையால், இருக்கிற ஒளியைக் கொண்டே படம் எடுக்க வல்ல காமிரா வேண்டும்.

காவேரிப் பாசனத்து மனிதர்களுக்கு இதை விளக்குவது மிக எளிது. லென்ஸின் துவாரம் ஒரு மதகு, ஒளிதான் தண்ணீர். மதகு எத்தனை நேரம் திறந்திருக்கிறது என்பது ஷட்டரின் வேகம். தண்ணீர் வந்து பாயும் வயல், காமிராவின் உள்ளேயிருக்கும் சென்ஸார். இரவில் ஒளி குறைவு. மதகை வெகு நேரம் திறந்து வைத்தாலோ, நடக்கிற மனிதர்கள் படத்தில் புகையாகக் கலைந்துவிடுவார்கள். ஆகவே மதகு அகலமாயிருக்க வேண்டும். வயலும் பெரிதாயிருக்க வேண்டும்.

மதகின் அகலத்தை லென்ஸின் மேல் எண்ணாகப் போட்டிருப்பார்கள். எண் சிறிதானால் துவாரம் பெரிது. காமிராவோடு சேர்த்துக் கொடுக்கும் ஜூம் லென்ஸில், தூரத்துக் காட்சியை அருகே இழுக்கும்போது பெரும்பாலும் 5.6 என்ற எண் வரும். தனியாக வாங்கக்கூடிய 50 மில்லிமீட்டர் லென்ஸில் 1.8 என்று இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி! இந்த 50 மில்லிமீட்டர் லென்ஸோ, லென்ஸ்களுக்குள் விலை மலிந்தவற்றில் ஒன்று. வயலின் அளவைப் பார்த்தால், பழைய 35 மில்லிமீட்டர் பிலிமுக்குச் சமமான பெரிய சென்ஸார் 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். சட்டைப்பையில் போடும் சிறு காமிராக்கள் பலவற்றில் அது 28 சதுர மில்லிமீட்டர்தான். முப்பதில் ஒரு பங்கு! பெரியதற்கும் சிறியதற்கும் நடுவே, சுமார் 23-க்கு 15 மில்லிமீட்டர் அளவில் ஒரு ரகம் உண்டு. நம்மைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களுக்கு அது தாராளமாகப் போதும்.

"என் செல்பேசியே இரவில் நன்றாக எடுக்கிறதே?" என்றார் இளைஞர். வாஸ்தவம். செல்பேசிக்குள் இருக்கும் வயல் சிறிதானாலும், அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் சாமர்த்தியம் உடையது. 2010-ஆம் ஆண்டில் உலகத்துக் காமிராக் கம்பெனிகள் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் காமிராக்களை அனுப்பின. 2020-இல் அது 90 லட்சத்துக்கும் கீழே போயிற்று. எல்லாவற்றையும் விழுங்கியது செல்பேசிதான். அசையாமல் இருப்பதை எடுக்க அது போதும் என்றால் காமிரா வாங்க வேண்டியதில்லை என்று அவரிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னேன். ஆனால் சந்தனக்கூட்டின் முன்னே கொட்டடித்துச் செல்பவன் அசையாமல் இருப்பதில்லை. மேலும், செல்பேசியை உயர்த்தியதுமே எதிரே இருப்பவர் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்!

இது நம்மை இரண்டாவது நிபந்தனைக்குக் கொண்டு வருகிறது. யாரையும் உட்காரச் சொல்லாதே, திரும்பச் சொல்லாதே.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். 'போஸ்' கொடுக்கச் சொல்லாதே என்றால், 'அனுமதி கேட்காதே' என்று அர்த்தம் ஆகாது. கனு காந்தி முதலில் அனுமதி பெற்றார், பிறகுதான் எடுத்தார். ஒளிந்திருந்து எடுப்பது திருட்டு; உட்கார வைத்து எடுப்பது நாடகம்; கேட்டுக்கொண்டு பின் காத்திருந்து எடுப்பதே நல்ல படம். தர்காவின் சன்னிதிக்குள் நான் எடுப்பதில்லை. வெளியே புறாக்களுக்குத் தானியம் இறைக்கும் குழந்தையை எடுக்க வேண்டுமானாலும் தாயிடம் கேட்பேன். கேட்ட பிறகு அரைமணி நேரம் சும்மா நிற்பேன். முதல் ஐந்து நிமிஷம் எல்லாரும் காமிராவையே பார்ப்பார்கள். பிறகு மறந்து போவார்கள். மறந்த பிறகுதான் என் வேலை ஆரம்பம்.

இப்படி நிற்பதற்கு ஏற்ற காமிரா எது? பீரங்கியைப் போன்ற லென்ஸைத் தாங்கியது அல்ல. கழுத்தை வலிக்காமல் நாள் முழுதும் தொங்கக் கூடியது, சத்தமில்லாதது, பொத்தானை அமுக்கிய மறுகணமே எடுக்கக் கூடியது. கடையில் போய் விளம்பரத் தாளைப் படிப்பதைக் காட்டிலும், காமிராவைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, விரல்கள் தாமாகப் பொத்தான்களைக் கண்டுபிடிக்கின்றனவா என்று பார்ப்பது மேல்.

காமிராவைக் கையில் எடுத்த பிறகு, அதன் புத்திசாலித்தனத்தை முழுவதும் நம்பிவிடவும் கூடாது. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் கட்டுவித்த பெரிய மினாரா 131 அடி உயரம். வெள்ளை வெளேரென்று நிற்கும் அதைக் காமிராவின் போக்கில் விட்டு எடுத்தால், படத்தில் சாம்பல் பூசினாற் போல் வரும். உலகம் முழுவதும் நடுத்தரமான சாம்பல் நிறம் என்பது காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானியின் சித்தாந்தம்! வெள்ளையைக் கண்டால் மங்கலாக்கும். கறுப்பைக் கண்டால் வெளுக்க வைக்கும். ஆகையால் மினாராவை எடுக்கும்போது, கூட்டல் குறியிட்ட பக்கமாக ஒளியை ஒரு படி ஏற்றிக்கொள்ள வேண்டும். இரவில் கறுத்த வானத்தின் முன் விளக்குச் சரங்களை எடுக்கும்போது ஒரு படி இறக்க வேண்டும்.

ஆனால் பச்சை வயலைக் கண்டால் காமிராவுக்கு ஒரு தனிப் பிரீதி உண்டு. கோடக் கம்பெனியைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, சென்ஸாரின் ஒவ்வொரு நான்கு புள்ளிகளில் ஒன்று சிவப்பையும், ஒன்று நீலத்தையும், இரண்டு பச்சையையும் உணரும். மனிதக் கண் நுட்பமான விவரங்களைப் பச்சையிலேயே அதிகம் அறிகிறது என்பதனால் அவ்வாறு அமைத்தார். கீழ்வேளூர்ப் பக்கம் சம்பாப் பயிர் தலையெடுத்து நிற்கும் காலத்தில் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு சரியென்றே தோன்றும்.

மூன்றாவது நிபந்தனை பணத்தைப் பற்றியது. ஆசிரமப் பணம் கிடையாது என்றார் மகாத்மா. நமக்கு ஆசிரமம் என்பது குடும்பம். குடும்பச் செலவுக்குரிய பணத்தைக் காமிராவில் போடுவது நியாயமல்ல; கடன் வாங்கிப் போடுவது அதைவிட மோசம்.

டிஜிட்டல் காமிரா வெகு வேகமாகக் கிழடு தட்டும் சாதனம். 1975-இல் அமெரிக்காவில் கோடக் கம்பெனியின் பொறியியலாளர் ஸ்டீவன் ஸாஸன் முதன்முதல் செய்த டிஜிட்டல் காமிரா சுமார் 3.6 கிலோ எடை. பத்தாயிரம் புள்ளிகளே கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடி ஆயிற்று. அன்று அதைச் செய்த கம்பெனியே பிலிம் வியாபாரத்தை விட முடியாமல் தயங்கி, 2012 ஜனவரியில் திவால் மனுக் கொடுத்தது. ஆகவே புதுச் சரக்கின் பின்னால் ஓட வேண்டாம். நாலைந்து வருஷத்துக்கு முந்திய நல்ல காமிரா பாதி விலைக்குக் கிடைத்தால் எடுத்துக் கொள்ளலாம். மீதிப் பணத்தில் அந்த 1.8 லென்ஸை வாங்கலாம்.

பழைய சரக்கை வாங்குகையில், லென்ஸின் பின்புறமிருந்து டார்ச் விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்திக் கூடு போல் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்கவே கூடாது. நம் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் லென்ஸுக்கு ஜன்ம விரோதிகள். என் சிநேகிதர் ஒருவர் காமிராவை அரிசி டிரம்முக்குள் வைத்தால் ஈரம் தங்காது என்று யாரோ சொன்னதை நம்பி அவ்வாறே செய்தார். தவிட்டுத் தூள் உள்ளே புகுந்து, ஷட்டர் பல்லைக் கடிக்கிற சத்தம் போட்டதுதான் மிச்சம். மூடி இறுகிய டப்பாவில் சிலிகா ஜெல் மணிகளைப் போட்டு அதனுடன் வைப்பதே சரி. நீல மணிகள் ஈரம் குடித்துச் சிவந்தால் சூடு காட்டி மீண்டும் உபயோகிக்கலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு இளைஞர் எழுந்திருக்கப் போனார். "உட்காருங்கள், தம்பி. நாலாவது நிபந்தனை ஒன்று இருக்கிறது. இது மகாத்மா விதித்தது அல்ல, நான் பட்டறிந்தது" என்றேன்.

உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தேன். அதில் என் 'கிளிக் 3' காலத்து நெகடிவ்கள் இருந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் எல்லாவற்றிலும் அதிகமாக அழிந்தது எங்கள் நாகப்பட்டினம் மாவட்டந்தான். ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். சில மாதங்களுக்குப் பின், பட்டினச்சேரியைச் சேர்ந்த மீனவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மனைவியும் போனாள், வீட்டிலிருந்த படங்களும் போயின. "நீங்க எங்க கலியாணமான புதுசிலே வலைக்கிட்டே வச்சு ஒண்ணு புடிச்சீங்களே, ஐயா?" என்றார். இருபது வருஷத்துக்கு முந்திய சமாசாரம். டின்னைக் கவிழ்த்துத் தேடினேன். கிடைத்தது! கருவாட்டு வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். பெரிதாக்கிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டே படம் எடுத்த பெட்டிக் காமிரா ஒரு பெண்ணின் முகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. இரண்டாயிரம் படம் எடுத்த புதிய காமிராவோ ஒரு தகப்பனாரின் முகத்தைத் தொலைத்துவிட்டது. காமிராவைக் குறை சொல்லிப் பயனில்லை. நெகடிவ் ஒரு பொருள். மறந்து போட்டாலும் போட்ட இடத்தில் இருக்கும். டிஜிட்டல் படம் மறந்தவனை மன்னிப்பதில்லை. ஆகவே நாலாவது நிபந்தனை இது: எடுத்த வாரத்துக்குள் நல்லதொரு படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, படத்திலிருப்பவர் கையில் கொடுத்துவிட வேண்டும். மற்றவற்றை இரண்டு இடங்களில், ஒரே கூரையின் கீழ் அல்லாமல், பிரதி செய்து வைக்க வேண்டும். படம் எடுத்தவன் கடனாளி; கொடுத்த பிறகே கடன் தீரும். நான் இவருடைய தகப்பனாருக்குத் தீர்க்காத கடனாளி.

இதை அவரிடம் சொன்னபோது என் குரல் கொஞ்சம் கம்மிவிட்டது. அவர், "பரவாயில்லை, சார். அன்னிக்கு நீங்க எடுத்த படத்திலே வாப்பா ரொம்ப நல்லா இருந்ததா உம்மா இன்னும் சொல்லிக்கிட்டிருக்காங்க. வாப்பா வீட்டிலே வந்து சொல்லியிருக்காரு" என்றார்.

பத்து நாள் கழித்து விடைபெற்றுக்கொள்ள வந்தார். தோளில் பழைய காமிரா ஒன்று. அதில் 50 மில்லிமீட்டர் லென்ஸ். திருச்சியில் வாங்கினாராம். "உம்மா படம் ஆயிற்றா?" என்று விசாரித்தேன்.

முதலில் அந்த அம்மாள், "எனக்கெதுக்கு இந்த வயசிலே படம்?" என்று மறுத்தாராம். பிறகு, ஒருவர் செல்பேசிக்கும் போகக் கூடாது, வீட்டு அலமாரியிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் மேல் சம்மதித்தாராம். மகன் மூன்று நாள் காமிராவும் கையுமாக வீட்டிலேயே இருந்திருக்கிறார். நாலாம் நாள் காலை, முற்றத்து வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில், மகன் ஊருக்குக் கொண்டு போவதற்காக அந்த அம்மாள் வாடா சுட்டுக்கொண்டிருந்தபோது, காமிரா இருப்பதையே மறந்து போனார். அப்போது ஒன்று எடுத்தாராம்.

"இரண்டு காப்பி போட்டேன், சார். ஒன்று உம்மாகிட்டே கொடுத்தாச்சு. ஒன்று என் பெட்டியிலே இருக்கு" என்றார்.

அதைக் காட்டும்படி நான் கேட்கவில்லை. அந்த அம்மாளின் நிபந்தனை எனக்கும் சேர்த்துத்தானே? கொஞ்சம் வாடா மாத்திரம் எனக்கென்று கொடுத்தனுப்பியிருந்தார். வாங்கிக்கொண்டு, வண்டி வரைக்கும் போய் அவரை வழியனுப்பினேன்.